தோல் குடித்த எண்ணெய்

இருபத்தாறு வருடம் சரக்குத் தோணியை ஓட்டுகிற தண்டலாக இருந்தவன் நான். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப்போகிற தோணிக்குத் தண்டல்தான் எல்லாம். அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். உப்புக் காற்று படுகிற எதைக் கண்டாலும், இரும்போ மரமோ தோலோ, மீன் எண்ணெயில் துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும். விட்டால் போய்த் திரும்புவதற்குள் பாதி உதிர்ந்துவிடும்.

அந்தப் பழக்கத்தில்தான் சனிக்கிழமை சாயங்காலம் ஆறுமுகநயினார் சாருடைய பதினாலு கோல்ஃப் மட்டைகளுக்கும் எண்ணெய் போட்டேன். தலையிலிருந்து கைப்பிடி வரைக்கும், ஒரு விரற்கடை விடாமல். அக்கறை என்று நினைத்துத்தான் போட்டேன். அறிவு கெட்டவனுடைய அக்கறை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பு. அதற்குள் ஒன்பது குழி உள்ள ஒரு கோல்ஃப் மைதானம். ஒரு பக்கம் உடைமரம், மறுபக்கம் உப்பளம். ஆறுமுகநயினார் சார் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மைதானத்துக்குச் செயலாளரும் அவர்தான். மட்டைகளை வைக்கிற ஸ்டோருக்கு நிரந்தரமாக ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னை நாற்பது நாள் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாற்பதாவது நாள். காலை ஆட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்ன கடிதம் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கடிதம் இல்லையென்றால் எனக்குத் திரும்பவும் கடல்தான். போன வருடம் எங்கள் தோணி மூழ்கியது. பதினோரு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். கரைக்கு வந்ததும் என் பெண்டாட்டி பேபி என்னை மாதா கோயிலுக்கு இழுத்துப்போய், இனிமேல் தோணியில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அவள் வாங்காவிட்டாலும் நானே செய்திருப்பேன். இப்போதும் முகம் கழுவத் தண்ணீரை அள்ளினால் மூச்சு முட்டுகிறது. ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் குழியில், நான் தூக்கி வந்த மட்டைப் பையைத் திறந்ததுமே மீன் எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. ஒவ்வொரு பிடியாகத் தடவிப் பார்த்தேன். பதிமூன்று மட்டைக்கு ரப்பர் பிடி. காய்ந்த துவாலையால் துடைத்ததும் எண்ணெய் வந்துவிட்டது. டிரைவர் என்கிற பெரிய மட்டைக்கு மட்டும் பழைய காலத்துத் தோல் பிடி. தோல் எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தது. துடைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும். வெயில் பட்டதும் திரும்பக் கசியும்.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஆனால் சாருடைய சட்டைப் பையில் அந்தக் கடிதம் தெரிந்துகொண்டே இருந்தது.

சாருக்கும் அன்றைக்கு நிம்மதி இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கித்தான் கையைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒன்பது குழியும் ஆடப்போனார். நடக்கும்போதும் கால்சட்டைப் பைக்குள் அந்தப் பந்தை அமுக்கிக்கொண்டேதான் வந்தார். கை திரும்ப விழுந்தால் மட்டைகளை யாருக்காவது கொடுத்துவிட்டு பெங்களூரில் மகன் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான் என்று இரண்டு தடவை சொன்னார்.

பெரிய மட்டை இரண்டு குழிக்குத்தான் தேவைப்படும். நாலாவதும் ஒன்பதாவதும் நீளம் அதிகம். மற்றக் குழிகளில் நான் என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் துவாலையின் ஈரப் பாதியால் மட்டையின் முகத்தைத் துடைத்தேன். கோடுகளுக்குள் புகுந்த மண்ணை ஈர்க்குச்சியால் எடுத்தேன். காய்ந்த பாதியால் திரும்பத் துடைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் பைக்குள் இறக்கினேன். இடையிடையே பெரிய மட்டையின் பிடியையும் அழுத்தித் துடைத்தேன். துவாலையில் ஒவ்வொரு தடவையும் மஞ்சளாக ஒரு கறை.

நாலாவது குழியில் காற்று எப்படி என்று கேட்டார். கச்சான் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து நன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பெரிய மட்டைக்கு அதைவிடத் தோதான காற்று கிடையாது. காற்று பக்கவாட்டில் சுழற்றுகிறது, பந்து உப்பளத்துக்குள் போய்விடும், சின்ன மட்டை போதும் என்று நான் சொன்னேன். தண்டல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டார். என் வாழ்நாளில் காற்றைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஒன்பதாவது குழிக்கு வந்தபோது மணி எட்டரை. வெயில் சுள்ளென்று அடித்தது. சார் நன்றாக ஆடியிருந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. கையை நீட்டிப் பெரிய மட்டையைக் கேட்டார். திரும்பவும் சின்னதை எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"இதுக்குத்தாம்வே ஏழு மாசமா பந்த அமுக்குனேன். பெருச எடும்."

கடைசியாக ஒரு தடவை பிடியைத் துடைத்தேன். என் உள்ளங்கையிலேயே வழுக்கியது. மாதாவே, இந்த ஒரு அடி மட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கொடுத்துவிட்டேன்.

அவர் ஓங்கி வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டைதான் பறந்தது. வலது பக்கம் இசக்கிசெல்வி, புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவள், குழாயடியில் குனிந்து குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். மட்டை அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போய்க் குடத்தை உடைத்தது. உடைந்த குடத்தின் வாயைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிப்போய் அவளுக்கு அடிபடவில்லை என்று பார்த்துவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். சார் பெஞ்சில் உட்கார்ந்து வலது கையை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"கை போயிட்டுவே," என்றார். "ஒரு பொம்பளப்பிள்ளய கொன்னிருப்பேன்."

பிறகு சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து முழங்காலில் விரித்தார். பேனாவையும் எடுத்தார். செயலாளராகத் தான் போடுகிற கடைசிக் கையெழுத்து இதுதான் என்றும், ராத்திரியே மகனுக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிடப் போவதாகவும், அதற்கு முன்னால் என் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். பேனா முனை காகிதத்தில் நடுங்கியது. அந்த நடுக்கம் பக்கவாதத்தால் வந்தது இல்லை, பயத்தால் வந்தது என்று எனக்குத் தெரியும். பயந்த கை எப்படி ஆடும் என்று என் கையிலேயே பார்த்திருக்கிறேன்.

பேசாமல் இருந்தால் போதும். அவர் கையெழுத்தைப் போட்டு முடித்தால் நான் கரையில் இருக்கலாம். சத்தியமாக நான் பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன்.

"கை இல்ல சார்," என்று என் வாய் சொல்லிவிட்டது. "எண்ணெய். நாந்தான் மீனெண்ணெய் போட்டேன், பிடிக்கும் சேத்து. மொதக் குழியிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மட்டையை வாங்கிப் பிடியை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தார். அப்புறம் எழுந்து, பைக்குள்ளிருந்து ரப்பர் பிடி போட்ட ஒரு மட்டையைத் தானே உருவி, கிடந்த பந்தை அடித்தார். பந்து நேராகப் போய் மைதானத்தின் நடுவில் விழுந்தது. அவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தார். பேனாவை மூடினார். கடிதத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எண்ணெய் போட்டதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சே குடுத்தீரு பாரும்," என்று இசக்கிசெல்வி இருந்த பக்கம் கையைக் காட்டினார். "ஸ்டோர் சாவிய உம்ம கையில தர முடியாதுவே."

நான் சரி என்றேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் தோணியில் இப்படி ஒருவன் செய்திருந்தால் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

அவர் வலது கையை நீட்டினார். நானும் நீட்டினேன். பிடித்தவர் விடவில்லை. என் விரல்கள் நொறுங்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"பிடி நல்லா இருக்கு சார்," என்றேன்.

இசக்கிசெல்வியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பேபி போன் பண்ணினாள். கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்டாள். எதிரே உப்பளத்துக்கு அப்பால் கடல் நீளமாகத் தெரிந்தது. போனைப் பிடித்திருந்த கை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.