அழகுமலையின் அருணாக்கொடி

கீரனூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, விமான நிலையத்தில் பயணிகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. அன்று வரிசையில் வந்தவர் அழகுமலை, அன்னவாசல் பக்கம். கொத்தனார் வேலைக்காக முதல்முறையாகக் கத்தாருக்குப் போகிறார். உலோகம் இருந்தால் சத்தம் போடும் கைக்கருவியை அவர் இடுப்பருகே கொண்டுபோனதும் அலறியது.

“அருணாக்கொடிங்க. தாயத்து கெடக்கு,” என்றார்.

திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தேன். கறுப்புக் கயிற்றில் மொச்சைக்கொட்டை அளவு செம்புத் தாயத்து. வெடிமருந்து இருந்தால் காட்டிக்கொடுக்கும் தாளால் துடைத்து மெஷினில் வைத்தேன். ஒன்றுமில்லை. போகலாம் என்று வெளியே கூட்டிவந்தேன்.

புதிதாக வந்திருந்த அதிகாரி விடவில்லை. கத்தரிக்கோலை என் கையில் திணித்தார்.

“சத்தம் வந்தா அனுப்பக் கூடாது, தமிழ்செல்வன். அதை வெட்டு.”

அழகுமலை இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டார்.

“புதுசக் கட்டிட்டுத்தான் சார் பழச அறுப்பாங்க. சும்மா அறுக்குறது பொணத்துக்குத்தான்,” என்றேன். “நான் சோதிச்சுட்டேன். அனுப்புறேன்.”

“ரூல்ஸை எனக்கே சொல்லித் தர்றியா? வெட்டலைன்னா ஒனக்கு மெமோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருவியை என் இடுப்பிலேயே வைத்தேன். அதே அலறல். சட்டையைத் தூக்கி என் கயிற்றையும் தாயத்தையும் காட்டினேன்.

“நீங்க போங்கண்ணே, பிளைட்டுக்கு நேரமாச்சு,” என்று அழகுமலையை அனுப்பிவிட்டு, கத்தரிக்கோலை அதிகாரியிடமே நீட்டினேன்.

“நானும் டெய்லி இந்த வாசல் வழியாத்தான் உள்ள வாரேன். மொதல்ல என்னோடத வெட்டுங்க சார்.”