கறை டாக்டரும் வெள்ளிக் கட்டும்

நானோ என்ற சொல்லைக் கேட்டாலே கறை டாக்டருக்கு ஆகாது. டாக்டர் என்றதும் ஊசி, மருந்துச் சீட்டு என்று கற்பனையை ஓட விடாதீர்கள். அவள் சலவைக் கடைக்காரி. எந்தத் துணியை நீட்டினாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்துவிட்டு, இது துரு, இது மை, இது வண்டி எண்ணெய் என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பியதில்லை. தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது.

கொஞ்ச நாளாக 'நானோ பூச்சு' என்று கழுத்துப் பட்டையில் அச்சிட்ட சட்டைகள் கடைக்கு வர ஆரம்பித்திருந்தன. தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடும். மை ஒட்டாது. கறையே படாதென்றால் தனக்கு என்ன வேலை என்று அந்தச் சட்டைகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மடித்து வைப்பாள். சட்டை என்ன, திருப்பியா பேசப்போகிறது?

அப்படி இருந்தவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நீராவி இஸ்திரியின் குழாய் மூட்டு விட்டுப்போனது. கொதிக்கும் ஆவி முழுவதும் வலது கையின் மேல் இறங்கியது. மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை தோல் வெந்துவிட்டது. உள்ளங்கை மட்டும் தப்பியது. கூடவே துணி மடித்துக்கொண்டிருந்த கணவர், கடையைக்கூடச் சாத்தாமல் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தீக்காயப் பிரிவின் டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். தோல் தானாக மூட வேண்டும். மூடவில்லை என்றால் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். வைத்தாலும் விரல்கள் பழையபடி மடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அந்த விரல்கள் இல்லாவிட்டால் அவள் யார்?

காயத்துக்குக் கட்டுப் போட வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஆண் நர்ஸ். வாய் ஓயாமல் பேசுகிறவர், ஆனால் கை பூப்போல. சாம்பல் நிறத்தில் மெல்லிய துணி ஒன்றை எடுத்துக் காயத்தின் மேல் விரித்தார். அதில் வெள்ளி இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடியாக. தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும் அளவுக்குச் சின்னதாம். கிருமிகளை அது பார்த்துக்கொள்ளுமாம். இதற்கும் நானோ என்றுதான் பேர் என்று அவர் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கணவர் அந்த வேதனையிலும் சிரித்துவிட்டு, அவள் சட்டைகளைத் திட்டும் கதையை நர்ஸிடம் சொன்னார். ஐந்து நாள் கட்டைப் பிரிக்கக் கூடாது, காய்ந்தால் இந்தப் பாட்டில் தண்ணீரை மட்டும் விட வேண்டும், வேறெதுவும் படக்கூடாது என்று நர்ஸ் மூன்று தடவை சொன்னார். அவளும் மூன்று தடவை தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் கட்டின் ஓரத்தைப் பார்த்தாள். நல்ல தோலின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் ஏதோ ஊறிப் பரவியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருப்பார்கள். இவள் கறை டாக்டர் ஆயிற்றே! கறையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? காயத்தில் கசிந்த ரத்தம்தான் இப்படிக் கறுத்திருக்கிறது, ரத்தக் கறைக்குக் குளிர்ந்த உப்புத் தண்ணீர் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். கணவர் கடைக்குப் போனதும் பின்கட்டுத் தொட்டியில் கையை நீட்டி, இடது கையால் கட்டின் மேல் உப்புத் தண்ணீரை ஊற்றினாள். எரிச்சலில் உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாளும் ஊற்றினாள். கணவரிடம் மூச்சுவிடவில்லை.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்ததும் நர்ஸின் பேச்சு நின்றுபோனது. காயம் வெளுத்து, சொதசொதவென்று ஊறி, வாடை அடித்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, இவருக்கு வெள்ளிக் கட்டு வேலை செய்யவில்லை, நாளைக் காலையிலேயே தோல் வைத்துவிடலாம் என்றார். ஏதாவது செய்தீர்களா, வேறு தண்ணீர் பட்டதா என்று நர்ஸ் அவளைக் கேட்டார். இல்லவே இல்லை என்றாள். பல வருஷம் ஊருக்குப் புத்தி சொன்ன வாய், எப்படி ஒத்துக்கொள்ளும்?

நர்ஸ் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"நான்தான் சரியா கட்டலையோ என்னமோ, டாக்டர். என் மேலதான் தப்பு இருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வாடிக்கையாளர் கிழித்துக்கொண்டு வந்த துணிக்கெல்லாம் தன் தலையில் பழி விழுந்த நாட்களை அவள் மறந்துவிடவில்லை. தன் கறைக்கு இந்தப் பிள்ளையைப் பொறுப்பாக்குவதா? அதோடு, வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்குக் கத்திதான். டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி மேல எந்தத் தப்பும் இல்லம்மா. உப்புத் தண்ணி ஊத்துனது நான்தான். ரெண்டு நாளா. கறைன்னு நெனச்சிட்டேன்."

கணவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நர்ஸ் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்து, எவ்வளவு உப்பு என்று கேட்டார். ஒரு லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் என்று அவளும் தொழில் சுத்தமாகச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் பால் வார்த்தது.

உப்பு பட்டால் வெள்ளி அதோடு சேர்ந்து கட்டிக்கொள்ளும், அப்புறம் கிருமி பக்கம் திரும்பாது என்று அவர் விளக்கினார். ஆக, கட்டு தோற்கவில்லை, அவள்தான் அதை வேலை செய்யவே விடவில்லை. கருஞ்சாம்பல் நிறம் ரத்தமும் இல்லை, அழுகலும் இல்லை, வெள்ளி விட்டுப்போகும் சாயம்தான். டாக்டரம்மாவிடம் அவர்தான் மன்றாடினார். காயம் இன்னும் ஆழமாகப் போகவில்லை, ஒரு வாரம் கொடுங்கள் என்றார். கிருமிக்கு ஊசி ஒன்று எழுதிக் கொடுத்து, அரைமனதாகத்தான் டாக்டரம்மா ஒரு வாரம் கொடுத்தார்.

புதுக் கட்டுப் போடும்போது நர்ஸுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. வெயிலுக்குப் பூசும் கிரீமிலும் இதே நானோ கதைதான், அவள் திட்டும் சட்டையிலும் இதே கதைதான் என்றார். கிருமி வந்தால் தானே நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் கட்டுக்காக எங்கெங்கோ ஆராய்ச்சி நடக்கிறதாம். மருந்தைத் தேவைப்படும்போது மட்டும் தானே விடும் கட்டுகூட ஒருநாள் வரலாமாம். அப்படி நிறம் மாறுகிற கட்டு வந்தால் தன்னை மாதிரி ஆட்களிடம் கொடுத்துவிடாதீர்கள், துவைத்துவிடுவோம் என்றாள் அவள்.

அந்த ஒரு வாரமும் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கடையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கணவர் தப்புத் தப்பாகத் துவைத்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கட்டின் ஓரம் கறுத்துக்கொண்டே வந்தது. பார்க்கும்போதெல்லாம் இடது கை பரபரக்கும். அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள்.

பிரிக்கும் நாளில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். துணி உரியும் சத்தம் கேட்டது. அப்புறம் கணவரின் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்க, பயந்துகொண்டே கண்ணைத் திறந்தாள். கை முழுவதும் ரோஜா நிறத்தில், பிறந்த குழந்தையின் தோல்போல, மூடியிருந்தது. கத்தி வேண்டாம் என்றார் டாக்டரம்மா. இனி விரல் மடங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நர்ஸ் தன் இரண்டு விரல்களை அவள் உள்ளங்கையில் வைத்து, முடிந்தவரை பிடிக்கச் சொன்னார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுண்டுவிரல் அசைந்தது. மற்றவை ஒவ்வொன்றாக, முரண்டு பிடித்துக்கொண்டே மடங்கின. கடைசியாகக் கட்டைவிரல் வந்து ஆள்காட்டி விரலின் மேல் படிந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. பிடித்ததை விடவில்லை.

"அக்கா, வலிக்குது" என்றார் நர்ஸ்.

"நெசமாவா தம்பி?" என்று கேட்டுவிட்டு, இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.