ஸ்மிர் பெய்த சமையலறை

இரண்டாயிரத்து மூன்று ஒக்ரோபரில், புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வெங்காயம் விலை ஏறிய அதே வாரத்தில், செலீனின் சமையலறைக்குள் மட்டும் தூறல் விழத் தொடங்கியது. பெய்வித்தவர் மாடியில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் டங்கன். மன்னாரிலிருந்து வந்த செலீன் கீழ்வீட்டில் ஆறு குழந்தைகளை வைத்துக் கார்டெறி என்னும் பிள்ளைக் காப்பகம் நடத்தினாள். அந்தச் சத்தம் கிழவருக்கு ஆகாது. ஒருநாள் மதியம் தரையைத் தடியால் இடித்து, "ஸ்மிர்!" என்று கத்தினார். குழம்பில் தண்ணீர் கூடிவிட்டது.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஈரம் கூடியதுதான் மிச்சம். இது நாவூறுதான் என்று செலீன் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி எரித்தாள். புகை மேலே போனது. டங்கன் இருமிக்கொண்டே, "த்ரோன்!" என்றார். அவளுடைய வாசற்கதவு முறுக்கிக்கொண்டு சாத்த மறுத்தது. டிசெம்பரில் அரசாங்கப் பரிசோதகர் வரவிருந்தார். மழை பெய்யும் வீட்டில் பிள்ளை பார்க்க யார் விடுவார்கள்?

"வேற வீடு பாப்பம்," என்றான் கணவன் அல்பேட்.

"ஏன், நான் களவெடுத்தனானே?" என்று படியேறினாள் செலீன்.

கிழவர் பகையைச் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டார். ஸ்மிர் என்றால் ஸ்கொட்லாந்தின் பொடித்தூறல்; அந்தச் சொல் ஒல்லாந்தர் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்திருக்கலாம், நிச்சயமில்லை. த்ரோன், முறுக்குவதைக் குறித்த பழஞ்சொல்லில் பிறந்து, பிடிவாதக்காரருக்கும் ஆகிவந்தது. இந்த நகரத்தில் இரண்டும் தன் ஒரு வாயில்தான் மிச்சம், அதனால்தான் இந்தக் கனம் என்றார். பெருமையில் இரகசியத்தைக் கொட்டிவிட்டார்.

செலீன் ஊரில் பூசைக்கு முன் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவள். ஒருவர் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்வதுதான் அவளுக்குத் தெரிந்த பாடம். இறங்கி வந்து குழந்தைகளை வட்டமாக இருத்தினாள்.

"சொல்லுங்கோ பிள்ளையள், ஸ்மிர்!"

கனம் பல வாய்க்குப் பங்காகி, சொல்லச் சொல்லத் தூறல் மெலிந்து நின்றது. த்ரோன் சொன்னதும் கதவு நேரானது. மேலே டங்கன், சொத்தைப் பறிகொடுத்தவராகக் குதித்தார். "ஹார்!" என்று அடுத்ததை எறிந்தார், கடல்மூடுபனி கூடத்தை நிறைத்தது. குழந்தைகள் அதையும் பாட்டாக்கினார்கள். பரிசோதகர் வந்தபோது வீடு காய்ந்திருந்தது.

ஐந்து வருடம் அவர் சொல் எறிந்தார், பிள்ளைகள் பொறுக்கினார்கள். கடைசியில் அவரிடம் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் மிஞ்சின. அவற்றால் ஒரு துளியும் விழாது. செலீன் இரங்கவில்லை. அவரும் மன்னிக்கவில்லை.

இப்போதும் அந்தத் தெருவில் வானம் கறுத்தால், பிரெஞ்சில் சண்டைபிடிக்கும் பிள்ளைகள், "ஸ்மிர் வந்திட்டுது, உள்ளுக்கு வாங்கோ!" என்று கத்துகிறார்கள். மாடியில் டங்கன் யன்னலை அடித்துச் சாத்துகிறார். தூறல் எல்லோர் வீட்டின் மேலும் ஒரே மாதிரி விழுகிறது.