ஏட்டி என்றால் ஓகே

என் பெண்டாட்டி என்னோடு பேச்சை நிறுத்திய பதினோராம் நாள் காலையில் அந்த மோடம் போர்டு வீட்டுக்கு வந்தது. நான் தொலைபேசி இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் லைன்மேனாக இருந்தவன். அவசியமில்லாமல் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு வார்த்தை. எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கம் பெண்டாட்டியை 'ஏட்டி' என்று கூப்பிடுவோம். அதில் கோபமும் கிடையாது, மரியாதைக் குறைவும் கிடையாது. நாற்பத்தோரு வருஷமாக நான் 'ஏட்டி' என்பேன், உலகம்மை 'ஓ' என்பாள். திருவனந்தபுரத்துக்கு வந்து ஸ்ரீவராகத்தில் குடியேறிய பிறகும் அது மாறவில்லை. எங்கள் மருமகள் அஞ்சு ஆற்றிங்கல்காரி, மலையாளம். அவளுடைய அம்மா ஷைலஜா வந்திருந்த அன்று நான் உள்ளே பார்த்து, "ஏட்டி, சம்பந்திக்குக் காப்பி" என்றேன். மலையாளத்தில் 'எடீ' என்றால் கொஞ்சம் காரம் கூடுதல். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சேச்சி, இப்பளும் இங்ஙனெயாணோ விளிக்குன்னது?" என்று கேட்டார், இன்னமும் இப்படித்தான் கூப்பிடுகிறாரா என்று.

சம்பந்தி படியிறங்கியதும் உலகம்மை அறிவித்தாள். "இனி பேரு சொல்லி விளிச்சாத்தான் நான் ஏன்னு கேப்பேன். இல்லைன்னா எனக்குக் காது கேக்காது."

பெயரைச் சொல்வதற்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். என் அம்மாவின் பெயர் உலகம்மாள். அந்தப் பெயரில் பாதியைச் சொன்னாலே, "எவம்லே எம் பேரச் சொல்லுகது?" என்று அகப்பையோடு வந்து நிற்பாள். அவள் போய் இருபது வருஷம் ஆகிறது. ஆனாலும் வாயைத் திறந்தால் நாக்கு அகப்பையை நினைத்துக்கொள்கிறது.

இப்போது போர்டுக்கு வருகிறேன். அஞ்சு வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி, பொன்முடி போகிற பஸ்ஸில் வைக்க ஒரு பெட்டி செய்கிறது. பஸ் மலை ஏறத் தொடங்கியதும் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், குடியிருப்பவர்களின் போனுக்கு அது மெசேஜ் அனுப்பும். அவர்கள் ரோட்டோரத்தில் மணிக்கணக்காகக் காத்து நிற்க வேண்டாம். பெட்டிக்குள் இருந்து மெசேஜை அனுப்பி வாங்கப்போகிற மோடம் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க, அதை ஒரு போர்டில் பொருத்தித் தருகிறார்கள். பெண் பார்க்கிற மாதிரிதான். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

"திங்கட்கிழமை பஸ்ஸில ஏத்தணும் அப்பா" என்றாள் அஞ்சு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டே. "இன்னிக்கு ஒரு மெசேஜ் போகணும், ஒரு மெசேஜ் திரும்பி வரணும். ரெண்டும் வேணும் கேட்டோ."

"பொன்முடிக்கு நான் கம்பி இழுத்தவன் மக்களே. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. அத்தனை வளைவும் சுத்தி மேல போறதுக்குள்ள குரலுக்குத் தலை சுத்திரும். போனை எடுக்கவனுக்கு ஹலோன்னு கேட்டதுமே குமட்டும். எஸ்டேட் ஆபீசில போனுக்குப் பக்கத்தில எப்பமும் ஒரு எலுமிச்சம்பழம் வச்சிருப்பாங்க."

அஞ்சு நிமிரவில்லை. சிம் கார்டைச் செருகினாள். மெல்லிய இரண்டு ஒயர்களைப் போர்டிலிருந்து லேப்டாப்புக்குக் கொடுத்தாள். போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"இனி கமாண்டு அடிக்கணும். ஏ, ட்டி. ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, அட்டென்ஷன்னு அர்த்தம். இதுக்கிட்ட எது சொல்லணும்னாலும் முதல்ல அதைச் சொல்லணும். ஏட்டின்னு அடிச்சா ஓகேன்னு பறயும்."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. 'ஓ' என்று கிளம்பிய ஒரு குரல் பாதியில் இருமலாக மாறிக்கொண்டது.

"சரியாக் கேக்கல மக்களே. இன்னொரு தடவ சொல்லு."

"ஏட்டி."

இன்னொரு இருமல். ஆனால் போர்டு பதில் சொல்லவில்லை. அஞ்சு மறுபடி அடித்தாள். திரை வெறுமையாகவே இருந்தது.

"பதினோரு நாளு ஆவும்" என்றேன்.

அஞ்சு ஒயர்களை விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டாள். "என்டெ தப்பு அப்பா. ஒரு ஒயர் வாய், ஒரு ஒயர் காது. இதோட வாய் அதோட காதுக்குப் போகணும். நான் வாயை வாயோட சேத்துட்டேன். ரெண்டு பேரும் பேசுறாங்க, ஒருத்தரும் கேக்கல."

"நல்லாச் சொன்னே" என்றது அடுக்களை.

ஒயர்களை மாற்றிச் செருகி, ஏட்டி என்று அடித்தாள். அடுத்த வரியில் ஓகே என்று வந்தது. எனக்காக இன்னும் மூன்று தடவை அடிக்கச் சொன்னேன். மூன்று தடவையும் ஓகே. முகத்தைத் திருப்பவில்லை, டம்ளரை ணங்கென்று வைக்கவில்லை. ஒரு மோடத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் லைன்மேன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு சிக்னல் எவ்வளவு என்று கேட்கும் கமாண்டு. தொண்ணூற்றொன்பது என்று வந்தது.

"முதல் வகுப்பு" என்றேன்.

"தொண்ணூத்தொம்பதுன்னா சிக்னலே கிட்டலன்னு அர்த்தம் அப்பா."

"உன் மாப்பிள்ளை கணக்கில வாங்கினதும் அதே மார்க்குதான். அப்பம் நான் வீணாவா சந்தோசப்பட்டேன்?"

ஆன்டெனாவின் அடியில் ஒரு காந்தம் இருந்தது. அகலமான இரும்பின் மேல் ஒட்டவைத்தால் சிக்னல் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லி, அஞ்சு உள்ளே குரல் கொடுத்தாள். உலகம்மை தோசைக்கல்லைக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். நான் ஒரு முழத் தூரத்தில் நிற்கிறேன். "அப்பாட்ட சொல்லு, எண்ணெ தேச்சு வச்ச கல்லு. கையை வச்சுரப்படாது" என்று அஞ்சுவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

காந்தம் கல்லில் டப்பென்று ஒட்டியது. சிக்னல் பத்தொன்பது.

"மதி. இது போதும்" என்ற அஞ்சு, யாருக்கு அனுப்புவது என்று என்னைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உலகம்மையின் நம்பரை அடித்தாள். ஆற்றிங்கல்காரிகள் விவரமானவர்கள்.

"என்ன எழுதணும் அப்பா?"

திரையில் ஒரு சின்னக் கோடு மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது. நான் யோசித்தேன். அகப்பைக்குப் பயந்தது நாக்குத்தான். விரலுக்கு அந்த அனுபவம் இல்லை. லேப்டாப்பை என் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில், உலகம்மை என்று அடித்தேன். பின்னால் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். யாரும் வரவில்லை.

அஞ்சு அனுப்பினாள். அடுக்களையில் போன் ணிங் என்றது. அதன் பிறகு ஒன்றுமில்லை. தாளித்த கடுகு வெடித்து அடங்கும் வரை ஒன்றுமில்லை. அஞ்சு நகத்தைக் கடித்தாள். நான் கடிக்கவில்லை. என் நகம் அதற்குள் தீர்ந்துவிட்டது.

திரையில் ஒரு நம்பர் வந்தது. அதன் கீழே ஆங்கில எழுத்தில்: யாரு?

நியாயமான கேள்விதான். போர்டில் இருந்தது கம்பெனி சிம்.

"நீங்கதான்னு எழுதுங்க" என்று கிசுகிசுத்தாள் அஞ்சு.

என் பெயர் பிச்சையா. அதை உலகம்மையும் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை எழுதினால், தெருவில் வருகிற அதே பெயருள்ள கறிவேப்பிலைக்காரர் என்று நினைத்துக்கொள்வாள். அதனால் இரண்டே எழுத்தை அடித்தேன். ஏ. ட்டி.

ஓகே என்று வந்தது.

"அந்த ஓகே, மெசேஜ் போச்சுன்னு போர்டு சொல்றது. கணக்கில வராது" என்றாள் அஞ்சு.

நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுக்களையில் விரல் போனைத் தட்டும் சத்தம் கேட்டது. மறுபடி அந்த நம்பர் வந்தது, அதன் கீழே: ஓகே.

"இது?"

"இது அம்மா."

உலகம்மை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னலருகே நின்றாள். "அந்தக் காந்தத்தை எடுங்க. பிள்ளைக்குப் பசிக்கும், தோசை வாக்கணும்." அஞ்சுவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

"ஏட்டி" என்றேன், தாழ்ந்த குரலில்.

"ஓ. ஆனா சம்பந்தி வந்தா பேரைச் சொல்லணும்."

"மெசேஜில சொன்னாப் போதுமா?"

அவள் கல்லைத் தூக்கிக்கொண்டு யோசித்தாள். "போதும்" என்றாள். அன்று வார்த்த தோசை ஒவ்வொன்றிலும் சரியாகப் பத்தொன்பது ஓட்டை. எண்ணிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பெட்டி பஸ் ஏறியது. எடுத்துப் போகும் முன் அஞ்சு பார்க்காத நேரத்தில் அதற்குள் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். மேலே லயத்தில் மெசேஜ் கிடைத்தவர்களில் ஒருவருக்குக்கூடக் குமட்டவில்லை.