முகட்டுத் தகரம்

மூன்று மாதம் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு நடந்து வாங்கிய ஒற்றைத் தகரம் அது. பொகவந்தலாவைக் காற்று லயத்து வீட்டு வரிசையின் கடைசி அறையான அமிர்தநாதன் மாஸ்டரின் கோடிக் காம்பராவில் முகட்டுச் சுவரின் முக்கோணத்தைப் பிய்த்துப் போட்டதிலிருந்து, அந்த முக்கோண ஓட்டை வழியே சாரல் நேரே அவர் மனைவி சிசிலியின் படுக்கையில் விழுந்தது. இன்னொரு தரம் நெஞ்சில் சளி கட்டினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மத்தியாஸ் ஆசாரி ஏணியில் நின்று தகரத்தைச் சுவர்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டு சரிவிலும் இடைவெளி.

"சின்னதா போச்சுங்க மாஸ்டர்."

"கீழ் லயத்த அளந்துதானே வெட்டுனீங்க?"

"ஆமாங்க. எல்லாம் ஒரே வெள்ளைக்காரன் கட்டுன லயந்தானேன்னு நெனச்சேன். நீங்களும் பாகைமானிய வச்சுப் பாத்து, மூணு மூலையும் சரி, வெட்டுங்கன்னீங்க."

சொல்லித்தான் இருந்தார். அன்று காலையில்கூட வகுப்பில், கோணங்கள் மட்டும் சமமானால் வடிவம் மட்டும் ஒத்த இயல்பொத்த முக்கோணிகள்தான், அளவிலும் ஒருங்கிசைய ஒரு பக்கத்தையாவது அளக்க வேண்டும் என்று எழுதிப் போட்டுப் பிள்ளைகளை இரண்டு முறை சொல்லவைத்திருந்தார்.

உள்ளே சிசிலி இருமி முடித்தாள். "ஊருக்குக் கணக்கு, ஊட்டுக்கு ஒழுக்கு."

மாஸ்டர் மழையில் நின்றபடி வெகுநேரம் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசாரி, அதை மேல தள்ளுங்க. உச்சியோட உச்சி சேரட்டும்."

தகரம் ஏறி, இரு ஓரமும் கூரைக் கைமரங்களோடு ஒட்டி உட்கார்ந்தது. இடைவெளி முழுவதும் அடியில், ஒரு சாண் உயரத்துக்கு நேர்ப்பட்டையாக இறங்கிவிட்டது.

"பலகை இருந்தா அடைச்சிரலாம்," என்றார் மத்தியாஸ். "ஸ்டோர்ல கேட்டா இன்னும் மூணு மாசம்."

கட்டிலுக்கடியில் ஒரு மரத் தேயிலைப் பெட்டி இருந்தது. இந்தியாவுக்கே திரும்பிப் போக எழுதிக் கொடுத்தபோது சாமான் கட்ட வாங்கியது. மூடியில் மாஸ்டரே பெயர் எழுதியிருந்தார். நாலு வருஷமாகியும் புறப்படச் சொல்லும் அரசாங்கக் கடுதாசி வரவில்லை. சிசிலி அதைக் காலால் வெளியே தள்ளினாள்.

"இத ஒடைங்க."

"கடுதாசி வந்தா?" என்றார் மாஸ்டர் உள்ளே வந்து.

"வந்தா சாக்குல கட்டிட்டுப் போவோம். போறதுக்கு நான் இருக்கணும்ல?"

மத்தியாஸ் பலகைகளைப் பிளந்து வரிசையாக அடித்தார். பெயர் எழுதிய பலகை வந்ததும் கை நின்றது.

"இது உள்பக்கமா, வெளிப்பக்கமாங்க?"

மாஸ்டர் படுக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக ஈரம் விழவில்லை.

"எப்பிடியோ வைங்க. அளந்து வைங்க."

சுத்தியல் சத்தத்திலேயே சிசிலி தூங்கிப்போயிருந்தாள்.