மேல்சரிவில் புதுப்பனி

பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் சிவகௌரியிடம்தான் கேட்பார்கள். இங்கிலாந்தின் தலைநகரில், விக்டோரியாப் பகுதியில் ஒரு சுற்றுலாக் கம்பனியில் தொலைபேசிக்குப் பதில் சொல்வது அவள் வேலை. ஆல்ப்ஸ் மலையின் சறுக்கு ஊர்களிலிருந்து காலைதோறும் ஃபாக்ஸ் வரும். மேல்சரிவில் பனி எவ்வளவு ஆழம், காற்று எந்தப் பக்கம், சறுக்குபவர்களைக் கம்பியில் மேலே ஏற்றும் லிப்டுகளில் எது ஓடுகிறது, பனிச்சரிவு அபாயம் ஐந்தில் எத்தனை. வந்த புதிதில் அதைக் கிளிப்பிள்ளைபோல ஒப்புவித்தாள். போகப் போக விளங்கியது.

புதுப்பனி என்றதும் வாடிக்கையாளர்கள் துள்ளுவார்கள். அது எதன்மேல் விழுந்தது என்று அவள் பார்ப்பாள். பகலில் உருகி இரவில் இறுகிய பழைய பனி கண்ணாடிபோலக் கிடக்கும்; புதுப்பனி அதில் ஒட்டாது. காற்று அதை ஒரு பக்கமாக அள்ளிக் குவித்துவிட்டால், ஒருவன் கால் வைத்தாலே போதும், சரிவு முழுவதும் பாளமாகக் கழன்று வரும். இத்தனையும் தெரிந்தவள் ஒரு மலையைக்கூடக் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. அகதி வழக்கு முடியாததால் அவளால் இங்கிலாந்தை விட்டு வெளியே போக முடியாது.

1994 பெப்ரவரியில் ஒரு மதியம் அவளுடைய தம்பி ஆனந்தராஜா அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்தான். கொழும்பில் மனைவி வசந்தமலரை விட்டுப் புறப்பட்டவன், மொஸ்கோவிலும் புடாபெஸ்டிலும் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து இப்போது இத்தாலியில் டூரின் நகரத்தில் இருந்தான்.

"அக்கா, இண்டைக்குப் பின்னேரம் வெளிக்கிடுறம். ஒரு மலையிலை ஏறி இறங்கினால் பிரான்ஸாம்."

"எந்த மலை?"

"பேர் தெரியாது. அங்காலை இறங்கினால் வெள்ளைக்காரர் ஸ்நோவிலை சறுக்கிற ஊர் வருமாம். வால் செரின்."

வால் செரினின் ஃபாக்ஸ் அவள் கைக்குக் கீழேயே கிடந்தது. காலையிலிருந்து அதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மேல்சரிவில் புதுப்பனி, தென்மேற்குக் காற்று, அபாயம் நான்கு, மேல் லிப்டுகள் பூட்டு.

"போகாதை தம்பி. மேலை இருக்கிற ஸ்நோ பிடிப்பில்லாமல் நிக்குது. கொஞ்ச நாள் பொறுத்தால் இறுகிவிடும்."

"எல்லாரும் போகினம் அக்கா. நிண்டால் என்னை இந்த அறையிலை விட்டிட்டுப் போயிடுவாங்கள்."

"விடட்டும். நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"உங்களாலை வர ஏலாதெண்டு எனக்குத் தெரியுமக்கா" என்றான் மெதுவாக.

"காலிலை என்ன போட்டிருக்கிறாய்?"

"சப்பாத்துத்தான். நல்ல சப்பாத்து."

அத்தோடு தொடர்பு அறுந்தது.

ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனை ஆனந்தராஜாவுக்குப் பிடித்துக் கொடுத்தவர், அதே நகரத்தில் மனோர் பார்க்கில் இருந்த தில்லையம்பலம். அவருடைய தொலைபேசி ஓயாமல் வேறு பேச்சில் இருந்தது. சிவகௌரி மேலாளரிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். கதவைத் திறந்தவர் இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

"அண்ணை, இண்டைக்கு நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"தங்கச்சி, ஸ்நோ கொட்டினால்தான் பொலிஸ் வராது. அதுதான் இண்டைக்கெண்டு வைச்சிருக்கிறாங்கள்."

"லிப்டையே பூட்டிப்போட்டாங்கள் அண்ணை."

"அது லிப்டிலை போறவைக்கு. எங்கடை பெடியள் நடந்தெல்லோ போறாங்கள்."

கெட்ட மனிதரல்ல. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு டூரினுக்கு இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "வெளிக்கிட்டிட்டாங்கள் போல" என்றார்.

சிவகௌரி தொலைபேசியை வாங்கி வால் செரினில் இருந்த கம்பனிப் பிரதிநிதி ஹெலனின் எண்ணை அழுத்தத் தொடங்கினாள். என்ன செய்யப்போகிறாள் என்று தில்லையம்பலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எட்டிக் கையை வைத்து மறித்தார்.

"பொலிஸ் பிடிச்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், பிள்ளை."

"பிடிக்கட்டும் அண்ணை. உயிரோடை பிடிக்கட்டும்."

அவர் கையை எடுத்தார்.

ஹெலன் மறுபேச்சுப் பேசாமல் மீட்புக்காரர்களிடம் ஓடினாள். இருட்டும் வேளையில் திரும்ப அழைத்தாள். காற்று அடங்கும்வரை மேலே யாரையும் அனுப்ப முடியாதாம். அனுப்பினால் போகிறவர்களும் சாவார்களாம். சிவகௌரியால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. அந்தச் சரிவுக்குத் தானும் யாரையும் அனுப்பமாட்டாள்.

மூன்றாம் நாள்தான் காற்று ஓய்ந்தது. புறப்பட்ட ஐந்து பேரில் இருவர் பாதிவழியில் திரும்பி இத்தாலியக் கிராமமொன்றில் உயிரோடு இருந்தார்கள். காலுக்கடியில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டதாம், நிமிர்ந்து பார்க்கையில் முன்னுக்குப் போனவர்களைக் காணவில்லையாம். எல்லாருக்கும் முன்னால் பனியை மிதித்து வழி எடுத்துப் போனவன் ஆனந்தராஜா. மீட்புக்காரர்கள் நாய்களைக் கொண்டுபோய்த் தேடினார்கள். மறுபடி பனி கொட்டத் தொடங்கியதும் இறங்கிவிட்டார்கள்.

அந்தக் கிழமை கொழும்பிலிருந்து வசந்தமலர் தொலைபேசி எடுத்தாள். "ஸ்நோவுக்குள்ளை அகப்பட்டிட்டான்" என்று மட்டும் சிவகௌரி சொன்னாள்.

"கடவுளே. அப்ப ஸ்நோ உருகின உடனை வந்திடுவார் என்ன, மச்சாள்?"

வழியில் எங்கோ ஒரு வீட்டில் அவன் ஒதுங்கியிருப்பதாக அவள் எண்ணிவிட்டாள் என்பது சிவகௌரிக்கு விளங்கியது. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். "ஓம்" என்றுதான் வந்தது.

அந்தக் குளிர்காலம் பனி குறையவேயில்லை. இப்படியொரு வருடம் வாய்த்ததில்லை என்று வாடிக்கையாளர்கள் மகிழ்ந்தார்கள். அவள் தினமும் வால் செரினின் மேல்சரிவு ஆழத்தைத்தான் முதலில் பார்த்தாள். ஏப்ரலில் ஃபாக்ஸ் நின்றது. ஹெலன் கோடை வேலைக்குக் கிரேக்கத்துக்குப் போய்விட்டாள். மலையைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லாமல், வாராவாரம் தொலைபேசி எடுக்கும் வசந்தமலரிடம் "இன்னும் உருகேல்லை" என்பதையே சிவகௌரி திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

ஜூன் கடைசியில் அவ்வூர்ப் பொலிஸிடமிருந்து செய்தி வந்தது. இருவரின் உடல்கள் கிடைத்துவிட்டன. இரண்டும் ஆனந்தராஜாவினது அல்ல. தேட மிச்சமிருப்பது வடக்குப் பார்த்த ஒரு பள்ளம். வெயில் படாத இடம், அங்கே பனி எந்த வருடமும் முழுதாக உருகுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் ஸ்ட்ரெதத்தில் தன் அறையிலிருந்து சிவகௌரி கொழும்புக்கு எடுத்தாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள். மலை, காற்று, சத்தம், பள்ளம், ஒன்றும் விடவில்லை. வசந்தமலர் அழவில்லை. கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை.

"மச்சாள்," என்றாள் கடைசியில், "அங்கை எப்ப கோடை வரும்?"

ஜன்னலுக்கு வெளியே தெருவில் பிள்ளைகள் சட்டையில்லாமல் தண்ணீர் பீச்சி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இதுதான் கோடை, வசந்தா" என்றாள் சிவகௌரி.