தீயணைப்புக் கோட்டுப் போட்ட சீமாட்டி

ஊரை விட்டுப் போகலாம் என்று எவனாவது வாயைத் திறந்தால் சுட்டுத் தள்ளிவிடுவேன் என்று 1945 ஜனவரி மாதம் முழுக்க மிரட்டிக்கொண்டிருந்தார், ஜெர்மனியின் கிழக்கு எல்லையில் இருந்த அந்த ஊரின் நாஜிக் கட்சித் தலைவர் க்ரோல். பெட்டி கட்டுகிறவன் துரோகி. வழிக்கு இறைச்சி வேண்டுமென்று பன்றியை முன்கூட்டியே அடிக்கிறவன் துரோகி. கிழக்கே பீரங்கிகள் உறுமி, அலமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தபோதுகூட, "அது நம்ம பீரங்கிதான், நிம்மதியாத் தூங்குங்க" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் காலையில் காரின் கூரைமேல் பச்சை வெல்வெட் சோபாவைக் கட்டிக்கொண்டு மேற்கே கிளம்பிவிட்டார். மாதா கோயில் முனையில் திரும்பும்போது கயிறு அறுந்தது. சோபா கீழே விழுந்தது. ஆனால் கவிழவில்லை. நான்கு காலிலும் நின்றபடியே உறைந்த கடைவீதியில் வழுக்கிக்கொண்டு வந்து, ரொட்டிக் கடை வரிசைக்கு எதிரே நின்றது. க்ரோல் காரிலிருந்து தலையை நீட்டினார். சோபாவைப் பார்த்தார், வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார், தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கார் போயே போய்விட்டது.

அப்போது வரிசையிலிருந்து அவுகுஸ்தே பெர்கூன் அம்மாள் வெளியே வந்தாள். நல்ல கனத்த சரீரம். சோபாவில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்து ஒருதரம் குதித்துப் பார்த்தாள்.

"மெத்துனுதான்டி இருக்கு," என்றாள்.

முதலில் சிரித்தது அவளுடைய மருமகள் ஹுல்டாதான். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. கட்சிக்காரனைப் பார்த்து நடுத்தெருவில் சிரிக்க முடியும் என்பதையே அந்த ஊர் மறந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஹுல்டாவுக்குச் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ரஷ்யப் படை ஒரு நாள் நடை தூரத்தில் இருக்கிறது, வீடு போகப்போகிறது, கடை போகப்போகிறது, போர்முனைக்குப் போன புருஷன் எவால்டிடமிருந்து கோடைக்குப் பிறகு ஒரு வரிக் கடிதம் இல்லை. எல்லாம் தெரிந்துதான் இருந்தது. இருந்தும், பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று விடுமுறை விட்டதுபோல உடம்பெல்லாம் குறுகுறுத்தது.

அன்றைக்கே கிளம்பினார்கள். ஹுல்டா முடி அலங்காரக் கடை நடத்திக்கொண்டிருந்தவள். மாமியார் அவளுக்கு வைத்திருந்த பெயர் சுருட்டைக்காரி. இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் தேவைக்குமேல் பேசிக்கொண்டதில்லை. இப்போது கைக்குக் கிடைத்தது பனியில் கயிறு கட்டி இழுக்கிற ஒரு சறுக்குப்பலகை மட்டும்தான். மூட்டை ஏற்ற இடமில்லாததால் இருக்கிற துணியையெல்லாம் உடம்பிலேயே ஏற்றினார்கள். ஹுல்டா நாலு கவுனை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். அவுகுஸ்தே எல்லாவற்றுக்கும் மேலே, செத்துப்போன வீட்டுக்காரரின் தீயணைப்புப் படைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். கருநீலம், இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்.

"அத்தை, உங்களைப் பார்த்தா ரஷ்யாக்காரன் சல்யூட் அடிப்பான்."

"நீ வாயை மூடிட்டு என் பூட்ஸைக் கட்டிவிடுடி. என்னால குனிய முடியல."

"என்னாலயும்தான் முடியல!"

கடைசியில் அவுகுஸ்தே மேஜைமேல் ஏறி உட்கார, ஹுல்டா நின்றபடியே கட்டிவிட்டாள்.

சாலையில் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. குதிரைகள், பசுக்கள், தள்ளுவண்டிகள், குழந்தைகள். எல்லோருக்கும் ஒரே திசை: உறைந்து கிடக்கும் காயல். அதன் பனிக்கட்டிமேல் நடந்து எதிர்க்கரை மணல்திட்டுக்குப் போய்விட்டால் பில்லாவ் துறைமுகத்தில் கப்பல் கிடைக்கும் என்று பேச்சு. பெண்கள் கொடிக்கயிற்றைக் குழந்தைகளின் இடுப்பில் கட்டி இழுத்துப் போனார்கள். வழியோரத்தில் சில மூட்டைகள் கிடந்தன; அவற்றில் சில மூட்டைகளே அல்ல என்று தெரிந்து ஹுல்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியத்துக்குள் அவுகுஸ்தேயின் கால் வீங்கிவிட்டது. ஹுல்டா அவளைச் சறுக்குப்பலகையில் உட்காரவைத்து இழுத்தாள். மேட்டுச் சாலை, நாலு கவுன், அவ்வளவு பாரம். உச்சியை அடைந்ததும் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் கயிற்றை விட்டாள். அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

பலகை மெதுவாக நகர்ந்தது. "ஏய் ஹுல்டா," என்றாள் அவுகுஸ்தே, சாதாரணமாக. பிறகு, "ஏய்! ஹுல்டா!" பிறகு வெறும் "ஏஏஏய்!" மட்டும்தான் கேட்டது. பலகை சாலையை விட்டு இறங்கி, சரிவில் பறந்து, அந்த வட்டாரத்து ஜமீன்தாரான பாரன் பிரபுவின் பண்ணையின் திறந்த வாசலுக்குள் நேராகப் பாய்ந்து மறைந்தது. ஹுல்டா அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள், தடுக்கினாள், மீதி தூரத்தை முதுகாலேயே கடந்தாள்.

வைக்கோல் போரில் இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தன.

"அத்தை! உயிரோட இருக்கீங்களா?"

வைக்கோல் குலுங்கியது. இழுத்து வெளியே எடுத்தால் அழுகை இல்லை, கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "இன்னொரு தடவை மேல ஏறலாமாடி?" என்றாள். ஹுல்டா அவள்மேலேயே விழுந்து சிரித்தாள். அந்த வைக்கோலில்தான் இருவரும் முதன்முறையாக ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவர்கள் காதில் விழுந்தது. தொழுவம் முழுக்கப் பசுக்கள் கதறிக்கொண்டிருந்தன. பாரன் குடும்பம் முந்தின நாளே போய்விட்டிருந்தது. கறக்க ஆளில்லாமல் மடி கட்டி, வலி தாங்காமல் அவை எழுப்பிய ஓலம் பீரங்கிச் சத்தத்தையும் அமுக்கியது. நடுவில் ஒரே ஒரு ஆள் முக்காலியில் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தான். பிரெஞ்சுப் போர்க்கைதி, பெயர் அன்செல்ம். பண்ணை வேலைக்கு விடப்பட்டவன். விரல்கள் வீங்கி மொந்தன் வாழைக்காய்போல் இருந்தன.

"நீ ஏம்பா ஓடல?" என்றாள் அவுகுஸ்தே.

"நான் ஏன் ஓடணும் அம்மா? ரஷ்யாக்காரன் எனக்கு எதிரி இல்ல." அவன் தலையைப் பசுவின் வயிற்றில் சாய்த்துக்கொண்டான். "நேத்தே அவங்க பக்கம் நடந்துபோயிருப்பேன். இதுங்க கூப்பிடுது. கேட்டுட்டு எப்படிப் போறது?"

அவுகுஸ்தே பண்ணை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பித்தளைப் பொத்தான்களை அவிழ்த்து, கைகளை உரசிச் சூடாக்கி, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "நீயும் வா," என்று மருமகளைக் கூப்பிட்டாள்.

"எனக்குக் கறக்கத் தெரியாது அத்தை!"

"தலைமுடியில உருளை சுத்தத் தெரியுமில்ல? அதே கைதான். அமுக்கு, இழுக்காத!"

முதல் பீய்ச்சல் ஹுல்டாவின் கண்ணில் அடித்தது. இரண்டாவது பூட்ஸுக்குள் போனது. மூன்றாவது வாளியில் விழுந்தபோது அவள் கூவிய கூவலில் அந்தப் பசுவே திரும்பிப் பார்த்தது.

சாலையில் நின்றவர்களுக்கும் கதறல் கேட்டுக்கொண்டுதானே இருந்தது? அவர்களும் மாடு வைத்திருந்தவர்கள். ஒருத்தி இறங்கி வந்தாள், பின்னாலேயே நாலு பேர், பிறகு ஒரு கூட்டம். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கொரு பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொன்றாக ஓலம் அடங்கியது. தொழுவத்தில் பால் விழும் சத்தம் மட்டும் சளசளவென்று நிறைந்தது. குழந்தைகள் வெதுவெதுப்பான பாலைக் குவளை குவளையாகக் குடித்தன. குளிரில் நீலம் பாரித்திருந்த முகங்கள் சிவந்தன.

அன்செல்ம் முந்தின நாள் பாலின் மேலே திரண்ட கிரீமை ஒரு பெரிய தொட்டியில் எடுத்து வைத்திருந்தான். ஹுல்டாவுக்கு அதைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது. சமையலறைக்கு ஓடி, நுரை அடிக்கிற கம்பியையும், பரணில் இருந்த செர்ரிப்பழ ஜாடிகளையும் கொண்டுவந்தாள். முடிக்கு முட்டை நுரை அடித்துப் பழகிய கை. அடித்தாள், அடித்தாள், வெள்ளை மேகமாகப் பொங்கி எழும்வரை அடித்தாள்.

"பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?" என்றாள் அவுகுஸ்தே. "பின்னால பீரங்கி முழங்குது, நீ பலகாரம் பண்ற!"

"நாம போனப்புறம் யார் தின்னப்போறா அத்தை? வாயைத் திறங்க."

அவுகுஸ்தே வாயைத் திறந்தாள். பிறகு அகப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். கையுறை போட்ட விரலாலும், தொப்பியின் மடிப்பாலும் ஜனங்கள் அள்ளித் தின்றார்கள். மீசைகள், மூக்குகள், குழந்தைகளின் நெற்றிகள், எங்கும் வெள்ளை. யாரோ வாய் ஆர்கனை எடுத்தார்கள். குண்டுச் சத்தத்தில் கூரையிலிருந்து தூசி உதிர உதிர, பால் கேன்களுக்கு நடுவில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். அன்செல்மின் கையைப் பிடித்து அவுகுஸ்தேயும் ஒரு சுற்றுச் சுற்றினாள், வீங்கிய காலோடு.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் அம்மா," என்றான் அவன், மூச்சு வாங்க. "ஐந்து வருஷம் முன்னால. எங்க அம்மா வண்டியில மெத்தையைக் கட்டிட்டு ஓடுனாங்க. அப்ப துரத்துனது உங்க ஆளுங்க."

அவுகுஸ்தே நின்றுவிட்டாள். ஹுல்டாவின் காதிலும் அது விழுந்தது. அவுகுஸ்தே தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் வீங்கிய கையைச் சுற்றிக் கட்டினாள். "உங்கம்மா வந்து சேர்ந்தாங்களா?" என்று கேட்டாள்.

"சேர்ந்தாங்க."

"அப்ப நீயும் போய்ச் சேரணும். எங்ககூட வா. கடல் வழியாப் போனா பிரான்ஸ் கிட்டதானே?"

கிட்டவே இல்லை. ஆனாலும் அன்செல்ம் சிரித்தான். பசுக்களை அவிழ்த்துவிட்டு, வைக்கோலைக் குவித்துப் போட்டார்கள். பிறகு அவன் அவர்களை வண்டிக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். பாரன் விட்டுப்போன கிழட்டுக் குதிரை ஒன்றும், விருந்துகளுக்குப் போகிற சறுக்குவண்டியும் அங்கே இருந்தன. கறுப்பு மெருகு, கதவில் தங்கத்தில் குலச்சின்னம், சேணத்தில் வெள்ளி மணிகள். ஆணியில் தொங்கிய சாரதியின் நீளக் கோட்டை அன்செல்ம் மாட்டிக்கொண்டான். ஹுல்டா ஒரு ரோமத் தொப்பியைக் கண்டுபிடித்து மாமியார் தலையில் கவிழ்த்தாள்.

ஜல் ஜல் என்று சாலைக்கு வந்தார்கள். பால் குடித்த கூட்டமெல்லாம் பின்னால் வந்தது.

நாற்சந்தியில் தடுப்புக்கட்டை. கழுத்தில் தகடு தொங்க இராணுவப் போலீஸ்காரர் ஒருவர் நின்றுகொண்டு, வண்டிகளை வயல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வயலில் பனி வண்டி அச்சு மறைகிற அளவுக்கு ஆழம். போன வண்டியெல்லாம் சிக்கிக் கிடந்தன. நேர்சாலை இராணுவத்துக்காம். அதில் ஈ காக்கை இல்லை.

போலீஸ்காரர் குலச்சின்னத்தைப் பார்த்தார். பித்தளைப் பொத்தான்களைப் பார்த்தார். குதிகால்கள் சேர்ந்தன, சல்யூட் விழுந்தது.

"சீமாட்டி அம்மா போகலாம்." தடுப்பு உயர்ந்தது.

அன்செல்ம் கடிவாளத்தை அசைத்தான். "நில்லுப்பா," என்றாள் அவுகுஸ்தே. ஹுல்டா அவள் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். "ஏம்பா, என் ஆளுங்க என்ன ஆறது?"

"எந்த ஆளுங்கம்மா?"

"பின்னால நிக்கறாங்களே. எல்லாம் என் பண்ணை ஆளுங்கதான்."

போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். வண்டிகள் மேடு ஏறி, காட்டைச் சுற்றி, அதற்கு அப்பாலும் போயின. "எல்லாருமா?"

"பெரிய பண்ணை."

ஹுல்டா கையுறையை வாயில் திணித்துக்கொண்டாள். அன்செல்மின் முதுகு குலுங்கியது, மணிகள் கிணுகிணுத்தன. போலீஸ்காரர் கிட்டே வந்தார். வயதானவர், மீசையில் பனி கட்டியிருந்தது. "இந்தக் கோட்டு எந்தப் படையோடதும்மா?"

"தீயணைப்புப் படை."

"பண்ணைக்கே சொந்தமாவா?"

"இவ்வளவு பெரிய பண்ணைக்கு அதுகூட இல்லாமலா?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். மேலுதட்டில் கிரீமும் செர்ரிச் சாறும் காய்ந்திருந்தன. அவருடைய வாயோரம் லேசாகத் துடித்தது. தெரிந்துதான் விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்று ஹுல்டாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "சீக்கிரம் போங்க," என்றார் தாழ்ந்த குரலில். "உங்க கடைசி ஆள் தாண்டற வரைக்கும் கட்டையை இறக்க மாட்டேன்."

வண்டிகள் திபுதிபுவென்று நேர்சாலையில் ஏறின. தாண்டிய ஒவ்வொரு வண்டியிலிருந்தும் கையசைத்து, "நன்றி, சீமாட்டி அம்மா!" என்று கத்தினார்கள். அவுகுஸ்தே ராணி மாதிரி தலையசைத்தாள். ஹுல்டா காலடியில் கம்பளிக்குள் சுருண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள்.

காயலின் மேல் யாரும் சிரிக்கவில்லை. பனிக்கட்டிமேல் கணுக்கால் தண்ணீர் நின்றது. ரஷ்ய விமானங்கள் சுட்டபடி வந்தன. முன்னால் போன ஒரு வண்டி, குதிரையோடு, சத்தமே இல்லாமல் கீழே போனதை ஹுல்டா பார்த்தாள். அன்செல்ம் இறங்கி, குதிரையின் காதில் பிரெஞ்சில் ஏதோ பேசிக்கொண்டே முழுத் தூரமும் நடந்தான். விடிந்தபோது குளம்புக்கடியில் மணல் நெரிந்தது.

அங்கே, மணல்மேட்டில், அவுகுஸ்தே முதன்முறையாக அழுதாள். "எல்லாரையும் என் ஆளுங்கன்னு சொன்னேனேடி. எத்தனை பேர் கரை சேர்ந்தாங்கன்னுகூடத் தெரியலையே."

ஹுல்டா அவளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஞ்சிப் பானை பக்கம் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். இடுப்புக் கயிற்றில் மூன்று குழந்தைகள். "ஐயோ, நம்ம சீமாட்டி அம்மா!" என்று கத்தினாள். கூட்டத்தில் அங்கங்கே தலைகள் திரும்பின. ஒரு கிண்ணம் கஞ்சி கைமாறிக் கைமாறி, எல்லார் தலைக்கும் மேலாக, அவுகுஸ்தேயிடம் வந்து சேர்ந்தது.

துறைமுகத்தில் கைதிகளைத் தனியாகப் பிரித்தார்கள். அவுகுஸ்தே அன்செல்மின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்றாள். மாமியாரும் மருமகளும் ஏறிய கப்பல் அவர்களை டென்மார்க்கில் இறக்கிவிட்டது. எவால்ட் சில வருஷம் கழித்து, சைபீரியச் சிறையிலிருந்து, எலும்பும் தோலுமாக, பேச்சு மறந்தவனாக வந்தான். அதற்குள் அவர்கள் ஜெர்மனிக்குத் திரும்பியிருந்தார்கள்; வடக்கே ஹோல்ஸ்டைனில் ஒற்றை அறைக் குடித்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியாரும் மருமகளும் ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு இந்தக் கதையை அவனுக்குச் சொன்னார்கள். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எல்லாம் சொல்லி முடித்ததும் மெதுவாகக் கேட்டான்:

"பசுக்கள் என்ன ஆச்சு?"

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "நல்லா இருக்கும்டா," என்றாள் அவுகுஸ்தே. "வேற யாராவது கறந்திருப்பாங்க." எவால்ட் தலையாட்டினான். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சறுக்குப்பலகை சரிவில் பறந்த கட்டத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.